நேர்ச்சை மீன்

பாலமுனைக்கு மேற்கே, வயல்களுக்கு நடுவில், என் ராத்தாவின், மூத்த சகோதரியின், கணவருக்கு ஒரு குளம் இருக்கிறது. குளம் என்று அவர் சொல்வார், ஊரார் கிடங்கு, வெறும் பள்ளம், என்பார்கள். கடலோரத்தை விட்டு உள்ளே வந்து வீடு கட்டியவர்கள் வளவு நிரப்ப மண் தேடி அலைந்த காலத்தில், ராத்தாவுக்குச் சீதனமாகக் கிடைத்த வயலின் பள்ளமான மூலையிலிருந்து மண் அள்ளிக் கொடுத்தார்கள். இரண்டு மாரி மழையில் அந்தப் பள்ளம் நிரம்பிவிட்டது. மூன்றாவது மாரியில் மச்சான் அதற்கு வரப்புக் கட்டி, வடிச்சல் வாய்க்காலிலிருந்து ஒரு குழாய் வைத்து, மீன்குஞ்சு விட்டார்.

மேலேயுள்ள வயல்கள் குடித்து மிச்சம் விட்ட தண்ணீர் வந்து சேருகிற வாய்க்கால்தான் வடிச்சல். வேறு தண்ணீர் அந்த மூலைக்கு வர வழியில்லை. குழாயின் வாயில் ஒரு பலகை வைத்திருந்தார். தண்ணீர் தேவைப்பட்டால் தூக்குவார், மேலே யாராவது பூச்சிக்கு மருந்தடிக்கிறார்கள் என்று தெரிந்தால் இறக்கிவிடுவார். எங்கள் பக்கத்து விவசாயிகள் அந்த மருந்தை எண்ணெய் என்பார்கள். எண்ணெய் அடிக்கப் போகிறவர்கள் போகிற வழியில் மச்சானுக்கு ஒரு குரல் கொடுத்துவிட்டுப் போவது வழக்கமாகியிருந்தது. எழுதப்பட்ட ஏற்பாடு எதுவும் இல்லை.

தண்ணீரின் தரத்தைப் பார்க்க அவரிடம் ஒரு வெள்ளைப் பீங்கான் தட்டு இருந்தது. தடியின் நுனியில் அதைக் கட்டி, காலையில் தண்ணீருக்குள் இறக்குவார். முழங்கையளவு ஆழத்தில் தட்டு மறைந்தால் தண்ணீர் நல்லது. அதற்கு முன்னரே மறைந்தால் பாசி கூடிவிட்டது, இரவில் மீனுக்குக் காற்றுப் போதாமல் போகும். மீன் வளர்ப்பைச் சொல்லிக்கொடுக்க வந்த ஓர் உத்தியோகத்தர் கற்றுக்கொடுத்த முறை அது. மச்சான் ஒரு நாளும் தவறவிடவில்லை. சுவரில் தொங்கிய கலண்டரில் ஒவ்வொரு திகதியின் கீழும் ஓர் இலக்கத்தை எழுதி வைத்திருந்தார். அந்தத் தட்டால் பச்சையை அளக்கலாம். பச்சையில்லாத வேறெதையும் அளக்க முடியாது. இது எனக்கு அப்போதே தெரிந்திருக்க வேண்டும். நான் ஒலுவிலில் இருந்துகொண்டு பத்திரிகைகளுக்குப் பிரதேசச் செய்தி எழுதுகிறவன். மற்றவர்களின் குளங்களைப் பற்றியும் கிணறுகளைப் பற்றியும் பலமுறை எழுதியிருக்கிறேன்.

குளத்தில் திலாப்பியாவும் கட்லாவும் வளர்ந்தன. விரால் யாரும் விடாமலே வந்து சேர்ந்தது. முதல் வருடம் மச்சான் வலை போடவில்லை. காரணம், அவர் வைத்த நேர்ச்சை. அவருடைய ஒரே மகள், என் மருமகள், கல்யாணம் முடித்து ஆறு வருடங்களில் இரண்டு பிள்ளைகளை வயிற்றிலேயே பறிகொடுத்தவள். மூன்றாவது எட்டாம் மாதத்தைத் தொட்டால், குளத்தின் முதல் மீனை இல்லாதவர்களின் வீடுகளுக்குக் கொடுப்பதாக அல்லாஹ்வுக்காக நேர்ந்துகொண்டார். அவளுக்கு எட்டாம் மாதம் தொடங்கியது. ஒரு வெள்ளிக்கிழமையைக் குறித்தார். ஜும்ஆவுக்கு முன் மீன் வீடுகளுக்குப் போய்ச்சேர வேண்டும், தொழுதுவிட்டு வருகிறவர்கள் அதைச் சாப்பிட வேண்டும் என்பது அவருடைய கணக்கு.

அந்த வெள்ளிக்கிழமை, சுபஹுத் தொழுகை முடிந்த கையோடு அவர் எனக்குத் தொலைபேசி எடுத்தார்.

"மச்சான், மீனெல்லாம் மேல வந்து நிக்கிது. செத்தும் கிடக்கிது. கெதியா வாங்க."

நான் போய்ச் சேர்ந்தபோது வெளிச்சம் வந்திருந்தது. முந்தின இரவு ஒரு பாட்டம் மழை பெய்திருந்தது. வானம் இன்னும் மூடியே கிடந்தது. குளத்தின் கிழக்கு ஓரத்தில், காற்று ஒதுக்கிய பக்கத்தில், மீன்கள் வெள்ளை வயிறு காட்டி மிதந்தன. நடுவில் சில இன்னும் வாயை மேலே நீட்டி மூச்சு வாங்கிக்கொண்டிருந்தன. மச்சான் சாரத்தை மடித்துக் கட்டிக்கொண்டு இடுப்பளவு தண்ணீரில் நின்றார். தட்டைக் கட்டிய தடி வரப்பில் கிடந்தது.

"முழங்கைக்கு முந்தியே தட்டு மறையிது" என்றார். "மூணு நாளா வெயில் இல்ல. காத்துக் குறைஞ்சி போயிரிக்கி. வேற ஒண்டுமில்ல."

அது நடக்கக்கூடிய காரணம்தான். மூடிய வானமும் பாசியும் சேர்ந்தால் விடிகிற நேரத்தில் மீன் அப்படிச் சாகும். அதைப் பற்றி நானே ஒருமுறை செய்தி எழுதியிருக்கிறேன். பலகையைப் பார்த்தேன். இறக்கித்தான் இருந்தது. ஆனால் குழாய் குளத்துக்குள் வாய் திறக்கிற இடத்தில், புல்லுக்குள், மூன்று தவளைகள் மல்லாந்து கிடந்தன. அவற்றுக்கு ஒரு கை தூரத்தில் ஒரு தண்ணீர்ப் பாம்பு, கயிறு போலத் தளர்ந்து கிடந்தது. தவளை தலையை வெளியே நீட்டி மூச்சு விடுகிற பிராணி. தண்ணீரில் காற்றுக் குறைந்து தவளை சாகாது. இதைப் பாடசாலையில் படித்தவன் எவனுக்கும் தெரியும். எனக்கும் அந்த நிமிடத்தில் தெரிந்தது.

நான் மச்சானின் முகத்தைப் பார்த்தேன். அவர் ஒரு கூடைக்குள் மீன்களை அள்ளிக்கொண்டிருந்தார். உயிரோடு இருந்தவற்றை வேறாக வைத்தார். செத்தவற்றின் செவுளைத் தூக்கிப் பார்த்து, சிவப்பாக இருந்தால் மற்றக் கூடையில் போட்டார். அவருடைய உதடுகள் அசைந்துகொண்டிருந்தன.

"நேர்ச்ச மீன், மச்சான்" என்றார். "இண்டைக்குக் குடுக்காட்டி இந்தக் குளத்துல வேற மீன் இல்ல."

பிறகு, செத்த மீனைக் கொடுக்கலாமா என்று பள்ளிவாசல் மௌலவியிடம் கேட்கச் சொன்னார். அவர் கை முழுக்கச் சேறு. நான்தான் தொலைபேசி எடுத்தேன். அவருக்கும் கேட்கும்படி சத்தத்தைக் கூட்டி வைத்தேன்.

மௌலவி நிதானமானவர். ஸலாமுக்குப் பதில் சொல்லிவிட்டு, "தானாச் செத்ததா, இல்லாட்டி ஆராச்சும் நஞ்சு கிஞ்சு போட்டதா?" என்று கேட்டார்.

"தானாச் செத்தது ஹஸரத். காத்துக் குறைஞ்சி."

"நீங்க பாத்தீங்களா?"

"ஓம். குளத்தடியிலதான் நிக்கிறன்."

"அப்ப ஹலால்தான். மீனை அறுக்கத் தேவையில்லதானே. நாத்தம் புடிச்சத விட்டிடுங்க. குடுக்கக்குள்ள செத்த மீனெண்டு சொல்லிக் குடுங்க."

மச்சான் தண்ணீரில் நின்றபடியே இரண்டு கைகளையும் ஏந்தி அல்லாஹ்வைப் புகழ்ந்தார். மௌலவி சொன்ன தீர்ப்பில் பிழையில்லை. எங்கள் மார்க்கச் சட்டத்தில், தானாகச் செத்த மீன் உண்ணத் தகுந்தது. அவர் இரண்டு கேள்விகளையும் சரியாகக் கேட்டார். இரண்டுக்கும் பதில் சொன்னவன் நான். உறுதிப்படுத்தாத ஒன்றை உறுதிப்படுத்தியதாகச் சொன்னேன். என் தொழிலில் அப்படி எழுதினால் அடுத்த நாள் திருத்தம் போடுவார்கள்.

ராத்தா மீனைக் கழுவிப் பதினொரு சொப்பிங் பேக்குகளில் போட்டா. எந்தெந்த வீடு என்பதை அவதான் தீர்மானித்து வைத்திருந்தா. எங்கள் வீட்டுக்கென்று ஒரு மீனும் எடுத்து வைக்கவில்லை. நேர்ச்சைப் பொருளை நேர்ந்தவனின் வீட்டார் உண்ணக்கூடாது. பூனைக்குக்கூடத் தலையை எறியாமல் எல்லாவற்றையும் கட்டினா.

"கண்ணெல்லாம் ஒரு மாதிரி இரிக்கி, தம்பி" என்று ஒரு கட்லாவைத் தூக்கிக் காட்டினா.

"விடிய முந்திச் செத்த மீன்தானே ராத்தா" என்றேன்.

என் மோட்டார் சைக்கிளில் மச்சான் பின்னால் இருந்தார். ஒவ்வொரு வீட்டு வாசலிலும், "காத்தில்லாமச் செத்த மீன், மௌலவிக்கிட்டக் கேட்டுத்தான் கொண்டாந்த" என்று அவர் மறைக்காமல் சொன்னார். எல்லோரும் சந்தோஷமாக வாங்கினார்கள். மகளுக்கு துஆச் செய்யுங்கள் என்று கேட்டுக்கொண்டார். பதினோராவது வீடு வயலோரத்தில் இருந்தது. கூலிக்கு எண்ணெய் அடிக்கிற ஒருவனின் வீடு. முப்பது வயது இருக்கும், மூன்று பிள்ளைகள். அவனுடைய மருந்துத் தாங்கி வேலியில் கவிழ்ந்து கிடந்தது.

அவன் பையை விரித்துப் பார்த்துவிட்டு மூடினான். "எந்தக் குளம் காக்கா?" என்று அண்ணனைக் கூப்பிடுவது போல மச்சானைக் கேட்டான்.

"எங்கட குளம்தான், தம்பி."

"உங்களுக்குத் தண்ணி வடிச்சலால தானே?"

"ஓம். ஆனா பலகை இறக்கித்தான் கிடக்கு."

அவன் பையை மச்சானின் கையில் திருப்பி வைத்தான். "நேத்துப் பின்னேரம் மேல் வட்டை வயல்ல அறக்கொட்டியான் பூச்சிக்கு எண்ணெய் அடிச்ச நான்தான். உங்களுக்குச் சொல்லிட்டு வரத்தான் இருந்த, மழை இருட்டிட்டு, வேற வழியால வந்திட்டன். ராவைக்குப் பெய்ஞ்ச மழையில அவ்வளவும் வடிச்சலுக்கு வந்திரிக்கும்." பையைக் காட்டிச் சொன்னான்: "நான் அடிச்சத எனக்கே ஆக்கித் திங்கச் சொல்றீங்களா காக்கா?"

சிரித்துக்கொண்டுதான் சொன்னான். ஆனால் பிள்ளைகளை உள்ளே போகச் சொல்லிவிட்டுக் கையை மணலில் தேய்த்தான்.

நான் நேரத்தைப் பார்த்தேன். பத்தரை. ஜும்ஆவுக்கு இன்னும் நேரம் இருந்தது. பத்து வீடுகளில் பத்துப் பைகள். மதியச் சாப்பாட்டுக்கு முன் அவற்றைத் திருப்பி எடுக்க வேண்டும்.

கொடுத்ததைத் திருப்பிக் கேட்பது எங்கள் மத்தியில் மிகக் கேவலமான காரியம். சதக்காவை, தர்மமாகக் கொடுத்ததை, திருப்பிக் கேட்பது அதைவிடக் கேவலம். முதல் வீட்டு வாசலில் மச்சான் என் பின்னால் நின்றுகொண்டார். ஐந்து பிள்ளைகளின் தாய் அங்கே அடுப்படியிலிருந்து எட்டிப் பார்த்தா.

"என்ன, மீன் மிச்சமாப் போச்சா, இன்னொரு பேக் தாறீங்களா? ஆணம் கொதிக்கிது, உப்புப் பாத்திட்டுப் போங்க."

"சட்டிய இறக்குங்க ராத்தா" என்றேன். "ஆரும் திங்காதீங்க. தண்ணியில எண்ணெய் கலந்திரிக்கி."

அவ அகப்பையைக் கையில் பிடித்தபடி என்னைப் பார்த்தா. பிறகு அடுப்பை அணைத்தா. "புள்ளையள் பசியில நிண்டு ஒரு துண்டு கேட்டதுகள். நான் வாப்பா வரட்டும் எண்ட." அதற்குப் பிறகுதான் கோபம் வந்தது. "இந்தச் சட்டிய நான் என்ன செய்ற? இதுல இனி என்ன ஆக்கிற? சட்டியோடயே கொண்டு போங்க."

சட்டியோடு எடுத்துப் போனோம். மச்சான் அதைச் சூட்டோடு ஒரு சாக்கில் சுற்றி மடியில் வைத்துக்கொண்டார்.

நான்காவது வீட்டில் மீனைக் கீறி உப்பிட்டுக் கொடியில் போட்டிருந்தார்கள். வீட்டுக்காரி கைத்தறிச் சேலை வாங்கி விற்கிறவ, பேச்சில் வல்லவ. மீனைக் கழற்றிப் பையில் போட்டுக்கொண்டே கேட்டா:

"உங்கட ஊட்டுல எத்தின மீன் ஆக்கின?"

"ஒண்டும் ஆக்கல்ல" என்றார் மச்சான்.

"ஆ... எங்களுக்கு மட்டும்."

"நேர்ச்ச கா. நாங்க திங்கக் கூடாது."

"கூடாதெண்டு தெரிஞ்சிதானே குடுத்திரிக்கீங்க."

இந்த வசனம் எங்களை முந்திக்கொண்டு போனது. ஏழாவது வீட்டுக்குப் போனபோது அங்கே ஏற்கெனவே தொலைபேசி வந்திருந்தது. பையை வேலிக்கு வெளியே வைத்துவிட்டுக் கதவைச் சாத்திக்கொண்டார்கள். எட்டாவது வீட்டில் மீனை மருதமுனையிலுள்ள மகளுக்கு, அந்தப் பக்கம் போன ஒருவரிடம் கொடுத்தனுப்பிவிட்டார்கள். மகளுக்குத் தொலைபேசி எடுத்து, குளிர்சாதனப் பெட்டியில் இருந்த பையைக் குழி தோண்டிப் புதைக்கச் சொல்லி, புதைத்துவிட்டேன் என்று அவ சொல்லும்வரை நான் தொடர்பைத் துண்டிக்கவில்லை.

பள்ளியில் குத்பாப் பிரசங்கம் தொடங்கிவிட்டது. ஒலிபெருக்கியில் மௌலவியின் குரல் கேட்டது. நாங்கள் இருவரும் அன்று ஜும்ஆவுக்குப் போகவில்லை.

கடைசியாக மிஞ்சியது ஒரு வீடு. நாற்பது வருடம் கடலுக்குப் போய், இப்போது மற்றவர்களின் கிழிந்த வலைகளைப் பொத்திக் கொடுத்துப் பிழைக்கிறவர் அவர். ஒலுவில் பக்கம் இருந்த அவருடைய வீட்டைக் கடல் அரித்துக்கொண்டு போன பிறகு, பாலமுனையில் ஒரு தகரக் கொட்டிலில் தனியாக இருந்தார். அவரை முதலிலேயே போய்ப் பார்த்திருக்க வேண்டும். அவருக்குச் சீனி வருத்தம், நீரிழிவு. குளிசை போட்டால் நேரத்துக்குச் சாப்பிட வேண்டும். நாங்கள் அதை யோசிக்கவில்லை. வழியில் வருகிற ஒழுங்கில் போனோம்.

கொட்டில் வாசலில், கழுவிக் கவிழ்த்த கோப்பை கிடந்தது. அவர் வலைக்கு நடுவில் காலை நீட்டிக்கொண்டு இருந்தார்.

"திண்டிட்டீங்களா காக்கா?" என்று மச்சான் கேட்டார்.

"ரெண்டு மீன். வெறும் புளி ஆணம். இவ்வளவு ருசியா குளத்து மீன் நான் திண்டதில்ல." எங்கள் முகங்களைப் பார்த்தார். "என்ன, ஆராச்சும் மௌத்தாப் போயிட்டாங்களா?"

சொன்னோம். அவர் நம்பவில்லை. "செவுள் செக்கச்செவேலெண்டு இருந்திச்சி. மீனப் பத்தி எனக்குப் படிப்பிக்க வாறீங்களா? நீங்க பேப்பர்ல எழுதுங்க, மீன நான் பாக்கன்." ஆஸ்பத்திரிக்கு வரமாட்டேன் என்றார். நாங்கள் போகவும் இல்லை. மச்சான் மணலில் குந்திக்கொண்டார். முக்கால் மணி நேரம் வலைக்காரர் கடலைப் பற்றிக் கதைத்தார். பிறகு கதை நின்றது. நெற்றியில் வேர்வை அரும்பியது. வாயிலிருந்து எச்சில் ஒழுக, அதைத் துடைத்துவிட்டு, துடைத்த கையைப் பார்த்தார். வலையைப் பிடித்திருந்த விரல்கள் தாமாகத் துடித்தன.

ஓட்டோவில் ஏற்றிக்கொண்டு போனோம். ஆஸ்பத்திரியில் வைத்தியர் முதலில் கேட்டது, என்ன மருந்து என்று. எண்ணெய் அடித்தவனுக்குத் தொலைபேசி எடுத்தேன். அவன் வாய்க்கால் கரையில் எறிந்திருந்த வெற்றுப் போத்தலைத் தேடி எடுத்துக்கொண்டு, சைக்கிளில் மூச்சிரைக்க வந்து சேர்ந்தான். வைத்தியர் அதிலிருந்த எழுத்துகளைப் படித்துவிட்டு உள்ளே போனார். இரண்டு இரவுகள் வலைக்காரருக்கு உயிர் நிச்சயமில்லை. மூன்றாம் நாள் கண் திறந்து தண்ணீர் கேட்டார்.

மீனால்தான் இது வந்தது என்று எழுதித் தர முடியாது, மீனால் இல்லை என்றும் தன்னால் சொல்ல முடியாது என்றார் வைத்தியர். சீனி வருத்தம், வயது, வேறு குளிசைகள் என்று சில காரணங்களைச் சொன்னார். நான் குளத்துத் தண்ணீரை ஒரு போத்தலில் பிடித்து ஓர் அலுவலகத்துக்குக் கொண்டுபோனேன். பிடித்த முறை சரியில்லை, போத்தலும் சரியில்லை, நேரமும் கடந்துவிட்டது என்று திருப்பித் தந்தார்கள். அவர்கள் சொன்னது நியாயம்தான். பலகையை இழுத்துப் பார்த்தபோது அதன் அடியில் வைக்கோல் கற்றையொன்று சிக்கியிருந்தது. இரண்டு விரல் இடைவெளியால் இரவு முழுவதும் தண்ணீர் வந்திருக்கிறது. இவ்வளவுதான் எங்களால் நிச்சயமாகச் சொல்ல முடிந்தது.

குளத்தை இறைத்துவிடலாம் என்று சிலர் சொன்னார்கள். இறைத்தால் அந்தத் தண்ணீர் மறுபடியும் வடிச்சலுக்குத்தான் போகும், அங்கிருந்து கீழே உள்ளவர்களின் வயல்களுக்குப் போகும். மச்சான் இறைக்கவில்லை. குளம் அப்படியே கிடந்தது. திருப்பி எடுத்த மீன்களை வரப்புக்கு அப்பால் ஆழமாகப் புதைத்து, மேலே சுண்ணாம்பு போட்டு, நாய் கிளறாமல் கல் வைத்தோம். அந்தச் சட்டியையும் புதைத்தோம்.

ஊர் அவரைக் குற்றம் சொன்னது சில நாட்கள்தான். மனிதரைத் தெரிந்தவர்கள் அவர் வேண்டுமென்று செய்தார் என நம்பவில்லை. அவர்தான் தன்னை விடவில்லை. என்னிடம் ஒரு நாள் சொன்னார்:

"கபூலாகல்ல, மச்சான். அல்லாஹ் ஏத்துக்கொள்ளல்ல. ஏத்துக்கொண்டிருந்தா அது நஞ்சா மாறுமா?"

"வைக்கோல் சிக்கினதுக்கு என்ன செய்ற?"

"அந்த வைக்கோல அண்டைக்குப் பாத்துச் சிக்க வெச்சது ஆரு?"

தன்னுடைய வாழ்க்கையில் எந்தப் பிழைக்கு இந்தப் பதில் என்று அவர் தேடத் தொடங்கினார். பதினைந்து வருடங்களுக்கு முன் ஒரு வரப்பை அரை அடி தள்ளிக் கட்டியதை நினைவுபடுத்தி, அந்த வயல்காரனிடம் போய் மன்னிப்புக் கேட்டார். அந்த மனிதனுக்கு அது நினைவிலேயே இல்லை. பிறகு தினமும் நோன்பு பிடித்தார். நேர்ச்சை ஏற்கப்படவில்லையென்றால், யாருக்காக நேர்ந்தாரோ அந்தப் பிள்ளைக்கு என்ன நடக்கும் என்பதுதான் அவருக்குப் பயம். மகளிடம் அதைச் சொல்லவில்லை. ஆனால் அவள் ஒரு முறை வயிற்றைப் பிடித்துக்கொண்டு எழும்பினாலும் இவருடைய முகம் வெளிறிப் போகும்.

"உங்கட மச்சான் பதினஞ்சு நாளா நோன்பு" என்று ராத்தா என்னிடம் சொன்னா. "விடிய முந்திச் சஹர் சாப்பாட்டுக்கும் எழும்புறதில்ல. தண்ணியக் குடிச்சிட்டுக் கிடக்கார். அந்தப் புள்ளையும் வாப்பாவப் பாத்துப் பாத்துத் திங்கிதில்ல. நீங்க படிச்ச ஆள்தானே தம்பி, கதைச்சிப் பாருங்களன்."

கதைப்பதற்கு என்னிடம் என்ன இருந்தது என்பது எனக்குத் தெரியும். அதை அந்த வெள்ளிக்கிழமையிலிருந்தே வைத்துக்கொண்டிருந்தேன்.

முதலில் மௌலவியிடம் போனேன். அஸர் தொழுகை முடிந்து பள்ளியில் யாரும் இல்லை. தவளைகளைப் பற்றிச் சொன்னேன். அவர் தொப்பியைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டார்.

"தவளைய நீங்க கண்டது என்னோட கதைக்க முந்தியா, புறகா?"

"முந்தி."

"கண்டுதான் காத்துக் குறைஞ்சதெண்ட நீங்க."

"ஓம்."

"ஏன்?"

"அவர்ர முகத்தப் பாத்தன் ஹஸரத். நேர்ச்ச முறியப் போகுதெண்டு நிண்டார்."

"அந்த மீன் எண்டு குறிச்சி நேர்ந்தவர். மீன் அழிஞ்சா அந்தக் கடமை அவர விட்டுப் போயிரும். ஒண்டும் முறியாது. அத என்னெட்டக் கேட்டிருந்தா அப்பவே சொல்லியிருப்பன்." பிறகு தொப்பியை எடுத்துப் போட்டார். "எனக்குச் சொல்லி என்ன? அவருக்குச் சொல்லுங்க."

அடுத்த நாள் மதியம், லுஹர் தொழுகைக்குச் சற்று முன், ராத்தாவின் வீட்டுக்குப் போனேன். மச்சான் முன் விறாந்தையில் சுவரில் சாய்ந்து இருந்தார். கன்னம் ஒட்டிப் போயிருந்தது. நான் நின்றுகொண்டே சொன்னேன். செய்தி சொல்கிற ஒழுங்கில் சொன்னேன்: என்ன கண்டேன், எப்போது கண்டேன், அதற்கு என்ன அர்த்தம் என்று எனக்குத் தெரிந்திருந்தது, என்ன கேட்கப்பட்டது, நான் என்ன பதில் சொன்னேன். மௌலவி சொன்ன சட்டத்தையும் சொன்னேன்.

"மூணு தவளை" என்றார்.

"ஒரு பாம்பும்."

"எனக்கிட்ட ஏன் காட்டல்ல?"

முகத்தைப் பார்த்தேன் என்று அவரிடம் சொல்ல முடியவில்லை. அது அவரையும் அதில் பங்காளியாக்கிவிடும்.

"அந்த வலைக்காரக் காக்காவுக்கு இப்பவும் கை நடுங்குது. நூல் கோக்க ஏலாது. கிழமைக்கு ரெண்டு தரம் நான் போய் இரிக்கன். அவர்ர கையப் பாத்துக்கொண்டு, இது என்ட பாவம், என்ட பாவமெண்டு ஓதிக்கொண்டு இரிக்கன்." குரல் உயரவில்லை. "இருவத்தாறு நாள்."

"ஓம்."

"நீங்க பேப்பர்க்காரன். ஒரு சொல்லு சொல்லியிருக்கலாம் மச்சான்."

பிறகு எழும்பினார். எழும்பும்போது சுவரைப் பிடித்துக்கொண்டார். நான் தாங்கப் போன கையைத் தட்டிவிட்டார். "ஊட்ட போங்க" என்றார். உள்ளே போய்க் கதவைச் சாத்தினார்.

நான் மோட்டார் சைக்கிளை உடனே எடுக்கவில்லை. சாத்திய கதவுக்கு அப்பால், அடுப்படிப் பக்கத்தில், அவருடைய குரல் கேட்டது.

"சோறு இரிக்கா?"

"நோன்பெல்லுவா?" என்றா ராத்தா.

"போடு."

கோப்பை வைக்கிற சத்தம் கேட்டது. மகளையும் கூப்பிட்டார். அதன் பிறகுதான் நான் வெளிக்கிட்டேன்.

பிள்ளை குறித்த மாதத்தில் பிறந்தது. பெண் பிள்ளை, சுகம். பெயர் வைக்கிற நாளுக்கு ராத்தா தொலைபேசியில் அழைப்புச் சொன்னா. மச்சான் சொல்லவில்லை. எங்கள் பக்கத்தில் வீட்டுக்காரன் சொல்லாத விசேஷத்துக்கு யாரும் போவதில்லை. அன்று நான் வலைக்காரக் காக்காவின் கொட்டிலுக்குப் போனேன். அவருக்கும் எல்லாவற்றையும் சொன்னேன். அவர் கேட்டுவிட்டு, திட்டவும் இல்லை, மன்னிக்கவும் இல்லை. ஊசியையும் நூலையும் என் பக்கம் நீட்டி, கோத்துத் தரச் சொன்னார்.